அடைக்கலப் பொருளும் ஊக வாணிகமும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களையும், அவற்றிற்கு நேரக்கூடிய குற்றங்களையும் வகுத்துரைக்கும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் பயின்ற அன்பர்களுக்கு ஓர் ஐயம் எழுந்திருக்கக் கூடும். பிறர் நம்மிடம் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறைத்துத் திருப்பித் தருவதாகிய நியாசாபகாரம் என்னும் குற்றம் அங்கே கள்ளாமை விரதத்தின் கீழ் வைக்கப்படவில்லை. வாய்மை விரதத்தின் கீழ் வைக்கப்பட்டுள்ளது. சமந்தபத்திரர் அருளிய இரத்தின கரண்டக சிராவகாசாரத்திலும் இதே வைப்பு முறைதான். பொருள் குறைந்து போயிருக்கிறது. அதனைத் திருட்டு என்னாமல் பொய் என்று ஏன் வகுத்தனர்?

பூச்சியபாதரின் உரை இதனை விளக்குகிறது. பொருளை ஒப்படைத்தவன் அதன் அளவை மறந்துவிட்டுக் குறைவான தொகையைச் சொல்லிக் கேட்கிறான். வாங்கி வைத்திருப்பவன் 'ஆம், அவ்வளவுதான்' என்கிறான். அவன் பெட்டியை உடைக்கவில்லை. இரவில் வந்து எதையும் எடுக்கவில்லை. மற்றவனுடைய அறியாமையை அப்படியே இருக்கவிட்டுத் தலையசைத்தான். பொருள் கைமாறியது பின்னர். சொல் பிறழ்ந்தது முன்னர். முதலில் நிகழ்ந்தது எதுவோ அதன் பெயராலேயே ஆசாரியர்கள் குற்றத்தை வழங்கினர் என்று நாம் கொள்கிறோம்.

இந்த வரிசையை மனத்திற்கொண்டு வங்கிகளைப் பற்றிய ஒரு சட்டத்தை இங்கே ஆராயப் புகுகிறோம். மக்களின் வைப்புத் தொகையைப் பெறும் வங்கி, பங்குகளையும் பத்திரங்களையும் வாங்கி விற்கும் ஊக வாணிகத்திலும் ஈடுபடலாமா, அல்லது இரண்டையும் சட்டத்தால் பிரித்து வைக்க வேண்டுமா என்பது கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1933-ஆம் ஆண்டு இதற்கென ஒரு சட்டம் பிறந்தது. 1999-இல் அதன் முதன்மையான பகுதிகள் நீக்கப்பட்டன. 2008-இல் நிகழ்ந்த பெரும் நிதி வீழ்ச்சிக்குப் பின் அதைப் பற்றிய வழக்கு மீண்டும் எழுந்து இன்றும் ஓயாமல் இருக்கிறது. இது பொருளியல் வல்லுநர்களின் வேலை, வகுப்பறையில் காலம் கழித்தவர்களுக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் இதில் வேலை உண்டு என்பதே நம் விடை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். வங்கியில் நாம் இடும் பணம், முற்காலத்தில் ஊர் விட்டுச் செல்பவன் அயலானிடம் கொடுத்துச் சென்ற நகைப் பெட்டியைப் போன்றதன்று. அந்தப் பெட்டியை அயலான் திறக்கவே கூடாது. வங்கியோ நாம் கொடுத்த பணத்தைப் பிறர்க்குக் கடனாகக் கொடுக்கிறது. அதில் வரும் வட்டியில் ஒரு பகுதியை நமக்குத் தருகிறது. இது மறைவாக நடப்பதன்று. நாமும் அறிவோம், வங்கியும் அறியும். வணிகனுக்கும் உழவனுக்கும் வீடு கட்டுபவர்க்கும் கொடுத்த கடன் சில வேளை திரும்பாமலும் போகும். அந்த இடரும் ஓரளவு நாம் உடன்பட்டதே.

ஊக வாணிகம் வேறு. ஒரு பங்கின் விலை நாளை ஏறும் அல்லது இறங்கும் என்னும் கணிப்பின் மேல் பணத்தை வைப்பது அது. தன் சொந்தப் பணத்தை இட்டு ஒருவர் இதைச் செய்வது அறமா என்பது தனிக் கேள்வி. பற்றை அளவுபடுத்தும் விரதம் பூண்டவர்கள் அதற்கு ஒரு விடை வைத்திருப்பர். அதற்குள் நாம் இப்போது புகவில்லை. தன் பணத்தைக் கொண்டு ஆடுபவர் தம்மையும் தம் குடும்பத்தையும்தான் இடருக்கு உள்ளாக்குகிறார். நம்மை வருத்துவது, பாதுகாப்பை நாடி வந்தவரின் பணமும் நம்பிக்கையும் அவர் அறியாமலே இந்த வாணிகத்துக்குள் இழுக்கப்படுவது.

1920-களின் அமெரிக்காவில் இது நிகழ்ந்த விதத்தைச் சற்று விரிவாகக் காண்பது நன்று. தேசிய உரிமம் பெற்ற வங்கிகள் பங்கு வாணிகத்தில் நேரடியாக இறங்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே பெரிய வங்கிகள் துணை நிறுவனங்களை அமைத்துக் கொண்டன. நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கி 1911-இல் நேஷனல் சிட்டி கம்பெனி என்ற ஒன்றைத் தோற்றுவித்தது. வங்கியின் பங்குதாரர்களே நிறுவனத்தின் ஆதாயத்துக்கும் உரியவர்கள். சட்டத்தின் கண்ணுக்கு இரண்டு. ஊராரின் கண்ணுக்கு ஒன்று. வங்கியின் தலைவராயிருந்த சார்லசு மிட்செல் என்பவர் முன்னர் அந்த நிறுவனத்தை வளர்த்தெடுத்தவர்; விற்பனைத் திறமையால் புகழ் பெற்றவர். கடைவீதியில் பொருள் விற்பது போலப் பத்திரங்களை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்று விற்க ஆட்களைப் பழக்கியவர்.

அந்த நிறுவனம் 1927, 1928 ஆண்டுகளில் பெரு நாட்டு அரசின் கடன் பத்திரங்களைப் பொதுமக்களிடம் விற்றது. மூன்று தவணைகளில் மொத்தம் 9 கோடி டாலர். பெரு நாடு பழைய கடன்களைத் திருப்புவதில் நற்பெயர் இல்லாதது, அங்குள்ள அரசியல் நிலை நம்பத்தகாதது என்று நிறுவனத்தின் சொந்த அலுவலர்களே முன்னர் எழுதி அனுப்பியிருந்தனர். அக்குறிப்புகள் அலுவலகக் கோப்புகளில் இருந்தன. பத்திரம் வாங்கியவர்களுக்குத் தரப்பட்ட விளக்க அறிக்கையில் இல்லை. 1931-இல் பெரு அரசு கடனைச் செலுத்துவதை நிறுத்திவிட்டது.

பொய் சொன்னார்களா என்று கேட்டால், அறிக்கையில் எழுதியதெல்லாம் மெய்யாகவும் இருந்திருக்கலாம். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டனர். அளவை மறந்து கேட்டவனிடம் 'அவ்வளவுதான்' என்றவனும் தானாக எதையும் புனைந்து கூறவில்லையே.

பங்குச் சந்தை 1929 அக்டோபரில் சரிந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன; 1930 முதல் 1933 வரை ஏறத்தாழ 9,000 என்பது கணக்கு. அவற்றுள் ஒன்றைப் பெயருக்காகவே இங்கே குறிப்பிட வேண்டும். நியூயார்க்கில் 'பாங்க் ஆஃப் யுனைட்டெட் ஸ்டேட்ஸ்' என்றொரு வங்கி இருந்தது. பெயரைக் கேட்டால் அரசாங்கத்தின் வங்கி என்று தோன்றும்; உண்மையில் அது ஒரு தனியார் வங்கி. தையல் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களும், அவர்களுள்ளும் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் பெருந்தொகையினராக, அதில் பணம் வைத்திருந்தனர். துணை நிறுவனங்களின் வழியாக அவ்வங்கியின் பங்கையே வாங்கி விலையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையும் நடந்தது. 1930 டிசம்பர் 11 அன்று அதன் கதவுகள் மூடப்பட்டபோது சற்றொப்ப 4 இலட்சம் வைப்பாளர்கள் வாசலில் நின்றனர். அதன் தலைவர்கள் இருவர் பின்னர்ச் சிறை சென்றனர். வைப்பாளர்களுக்குப் பெரும்பகுதி பணம் காலம் கடந்து திரும்பக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் வேலை இழந்த ஒரு குடும்பத்துக்குக் காலம் கடந்து வரும் பணம் எந்த அளவுக்குப் பணம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

செனட் சபையின் வங்கிக் குழு இவற்றை விசாரிக்கத் தொடங்கியது. 1933 ஜனவரியில் அதன் வழக்குரைஞராகப் பொறுப்பேற்ற பெர்டினாண்டு பெக்கோரா, சிசிலித் தீவில் பிறந்து சிறுவயதில் குடியேறியவர். அடுத்த மாதமே மிட்செலைக் குழுவின் முன் அமர்த்திக் கேள்வி கேட்டார். அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்களுள் பென்சில்வேனியா மாநிலத்தின் பாட்ஸ்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஒருவரும் உண்டு. திரையரங்குகளை விற்று ஏறக்குறைய ஒரு இலட்சம் டாலர் சேர்த்திருந்தார். உடல்நலம் குன்றிய நிலையில் கலிபோர்னியாவுக்குப் போக எண்ணியிருந்தார். நெடும்பயணம் போகிறவர்கள் தங்கள் முதலீட்டைப் பற்றிக் கவலை கொள்ளாமல் எங்கள் ஆலோசனையை நாடலாம் என்ற பொருளில் நேஷனல் சிட்டி கம்பெனி பத்திரிகையில் வெளியிட்ட விளம்பரத்தைக் கண்டார், எழுதினார். விற்பனையாளர் வந்தார். அவரிடமிருந்த அரசாங்கப் பத்திரங்கள் உதவா என்று கூறி மாற்றுவித்தார். பெரு முதலிய பல வெளிநாட்டுக் கடன் பத்திரங்கள் வந்து சேர்ந்தன. கைப்பணம் போதாமல் கடன் வாங்கியும் வாங்கச் செய்தனர். விலை இறங்கியது கண்டு முறையிட்டபோது, பத்திரங்களை விட்டுப் பங்குகளை வாங்கினால் சரியாகும் என்றனர். இறுதியில் எல்லாவற்றையும் விற்றுத் தரும்படி நேரிலேயே போய்க் கேட்டார். செய்யத் தகாததைச் செய்யக் கேட்டவரைப் போல நடத்தி, விற்க வேண்டாம் என்று வற்புறுத்தினர். அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய செல்வம் போயிற்று.

பேராசைக்காரர் ஒருவர் தாமே தேடிக்கொண்ட கேடு என்று இதனைத் தள்ளிவிட முடியுமா? ஆசை அவரிடத்திலும் இருந்திருக்கும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் சூதாட்டக் களத்துக்குப் போகவில்லை. நோயாளியாகிய தாம் ஊரில் இல்லாதபோது தம் பொருளைக் காத்துத் தருவார் யார் என்று தேடிப் போனார். 'நேஷனல் சிட்டி' என்னும் பெயரைக் கண்ட ஒரு சிற்றூர் மனிதர், அதில் வங்கி எங்கே முடிகிறது, விற்பனைக் கடை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய என்ன வழி இருந்தது? பெயரின் மேல் அவர் வைத்த நம்பிக்கை வங்கிக்கு உரியது. அதைப் பயன்படுத்தி ஆதாயம் கண்டது கடை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மிட்செல் தம் வங்கியின் பங்குகளைப் பெருந்தொகைக்குக் கடன் வாங்கியும் தாமே வைத்திருந்தார். சரிவில் தாமும் பெரும் இழப்புக்கு ஆளானார். தாம் விற்ற சரக்கின் மேல் அவருக்கே நம்பிக்கை இருந்தது என்பதற்கு அது சான்றாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. மனமறிந்து ஏமாற்றுபவனைத் தண்டிக்க எல்லா நாட்டிலும் பழைய சட்டங்களே போதும். நல்லவர் என்றே தம்மை எண்ணிக் கொள்ளும் ஒருவர், 'உங்கள் பணத்தைப் பாதுகாக்கிறேன்' என்ற வாக்கையும் 'இந்தச் சரக்கை இன்று விற்றாக வேண்டும்' என்ற நெருக்கடியையும் ஒரே நெஞ்சில் சுமந்தால் என்ன ஆகும் என்பதே நம் முன் உள்ள கேள்வி. விற்பவரின் கண்ணுக்குத் தம் சரக்கின் குறை தெரிவதில்லை. குறை சொல்லி வந்த குறிப்புகள் கோப்புக்குள் போவது அப்படித்தான்.

நாம் பழகிய துறையிலிருந்து ஒன்று சொல்கிறோம். அரசுப் பொதுத்தேர்வு நடக்கும்போது ஓர் ஆசிரியரை அவருடைய பள்ளியிலேயே கண்காணிப்பாளராக அமர்த்துவதில்லை; வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். விடைத்தாளிலும் மாணவரின் பெயரை மறைத்தே திருத்தத் தருவார்கள். இதனால் ஆசிரியர்கள் எல்லாரும் நேர்மையற்றவர்கள் என்று அரசு சொல்வதாக எவரும் வருந்துவதில்லை. ஆண்டு முழுவதும் அருகிருந்து பயிற்றுவித்த பிள்ளை விடை தெரியாமல் விழிக்கும்போது, மிக நேர்மையான ஆசிரியருக்கும் உள்ளம் இளகும். அந்த இளக்கத்துக்கு இடம் தராமல் இருப்பதே ஏற்பாட்டின் நோக்கம். ஆசிரியப் பயிற்சியில் இதை எவரும் நமக்கு அறநூல் போல ஓதவில்லை. ஆணையாக வந்தது, ஏற்றுக்கொண்டோம். பின்னாளில்தான் அதன் பொருள் விளங்கியது.

1933 ஜூன் 16 அன்று அமெரிக்கத் தலைவர் ரூசுவெல்ட் கையெழுத்திட்ட வங்கிச் சட்டம் செய்ததும் இதைப் போன்றதே. வர்ஜீனியாவின் செனட்டர் கார்ட்டர் கிளாசு, அலபாமாவின் மக்களவை உறுப்பினர் என்றி ஸ்டீகல் ஆகிய இருவரின் பெயராலும் அதனைக் கிளாசு-ஸ்டீகல் சட்டம் என்பர். வைப்புத் தொகை பெறும் வங்கி நிறுவனப் பங்குகளையும் பத்திரங்களையும் பொறுப்பேற்று விற்கக் கூடாது. அரசுப் பத்திரங்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பத்திர வாணிகம் செய்யும் நிறுவனம் வைப்புத் தொகை பெறக் கூடாது. இரண்டிற்கும் உடைமை உறவோ, பொது இயக்குநர்களோ இருத்தல் கூடாது. ஓராண்டுக்குள் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுமாறு வங்கிகளுக்குச் சொல்லப்பட்டது. புகழ்பெற்ற மார்கன் மனை வைப்பு வங்கியாக இருக்கத் தீர்மானித்தது; அங்கிருந்து பிரிந்த சிலர் 1935 செப்டம்பரில் மார்கன் ஸ்டான்லி என்ற பத்திர நிறுவனத்தைத் தொடங்கினர். ஊக வாணிகத்தை அச்சட்டம் தடை செய்யவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். செய்வதாயின் அந்தப் பெயரிலேயே, அந்த வாசலிலேயே செய் என்றது.

அதே சட்டம் வைப்புத் தொகைக்குக் காப்பீட்டையும் கொண்டு வந்தது. 1934 ஜனவரி முதல் நாள் தொடங்கியபோது ஒருவருக்கு 2,500 டாலர் வரை. இன்று 2,50,000 டாலர் வரை. இதனை விடாது வற்புறுத்தியவர் ஸ்டீகல். கிளாசுக்கு முதலில் இதில் உடன்பாடில்லை. இரண்டும் ஒரே சட்டத்தில் அமைந்தது அரசியல் பேரத்தின் விளைவு. ஆயினும் அறநோக்கில் அவை ஒன்றையொன்று தேடி வந்தவை போலவே நமக்குத் தோன்றுகிறது. வைப்பாளரின் பணத்துக்கு ஒரு பொது அமைப்பு பிணை நிற்கிறது என்றால், அந்தப் பிணையின் நிழலில் நின்று வங்கி ஊக வாணிகம் செய்யலாகாது. செய்தால் ஆதாயம் வங்கியின் பங்குதாரர்க்கும், இழப்பு பிணை நிற்பவர்க்கும் ஆகும். பத்திரம் வாங்காதவர், பங்குச் சந்தையின் பக்கமே போகாதவர்கூட இழப்பில் பங்காளி ஆவார்.

எதிர்த் தரப்பையும் கேட்போம். இச்சட்டம் தேவையற்றது என்று வாதிட்ட அறிஞர்கள் வெறும் வங்கிகளின் ஆட்கள் அல்லர். யூஜின் ஒயிட் என்னும் பொருளியல் வரலாற்று ஆசிரியர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், பத்திர வாணிகத்திலும் ஈடுபட்ட வங்கிகள் மற்றவற்றைவிட மிகுதியாக வீழ்ந்தன என்பதற்குச் சான்றில்லை, குறைவாகவே வீழ்ந்தன என்று காட்டினார். நம் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக 2013 முதல் 2016 வரை விளங்கிய இரகுராம் ராஜன், ராண்டல் கிராசுனர் என்பவருடன் சேர்ந்து 1994-இல் எழுதிய கட்டுரையும் இதற்கு இணையானது. வங்கிகளின் துணை நிறுவனங்கள் விற்ற பத்திரங்கள், தனித்த பத்திர நிறுவனங்கள் விற்றவற்றைவிடக் குறைவாகவே செலுத்தத் தவறின என்று அவர்கள் கணக்கிட்டனர். மக்கள் ஏமாளிகள் அல்லர், வங்கி விற்கும்போது ஐயத்தோடுதான் வாங்கினர், ஆகவே வங்கிகளும் நல்ல பத்திரங்களையே விற்க நேர்ந்தது என்பது அவர்கள் கொண்ட கருத்து.

இந்தக் கணக்கை நாம் மறுக்க வரவில்லை. கற்றறிந்தவர்கள் உழைத்துக் கண்ட முடிவு அது. பெக்கோராவின் விசாரணையை மட்டும் படித்துவிட்டு, வங்கிகள் விற்றவை யாவும் குப்பை என்று பேசுவோர்க்கு இது தக்க மறுப்பாகும். எனினும், பத்திரங்களின் சராசரி நன்றாக இருந்ததனால் பாட்ஸ்வில்காரருக்கு நேர்ந்தது குற்றமில்லை என்று ஆகிவிடுமா? ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் உயர்ந்திருக்கிறது என்று காட்டி, பின் வரிசைப் பிள்ளைக்குப் பாடம் நடத்தாமல் விட்டதை எந்தத் தலைமையாசிரியரும் ஏற்கமாட்டார். ஐயத்தோடு வாங்கத் தெரிந்தவர்களைப் பற்றிய கணக்கு அது. ஐயப்படத் தெரியாமல், ஐயப்படத் தேவையில்லை என்று நம்பியே வந்தவரைப் பற்றி அது பேசுவதில்லை. வைத்தவன் அளவை மறந்துவிட்டான் என்பதிலிருந்து தானே ஆசாரியரின் எடுத்துக்காட்டே தொடங்குகிறது!

சட்டம் தேய்ந்த கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1987-இல் நடுவண் ரிசர்வ் வாரியம், வங்கிக் குழுமங்களின் துணை நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காடு வரை பத்திர வாணிகத்தால் ஈட்டலாம் என்று இசைந்தது. வாரியத் தலைவர் பால் வோல்க்கர் எதிர்த்து வாக்களித்தும் பெரும்பான்மையால் நிறைவேறியது. 1989-இல் அது 10 விழுக்காடு ஆயிற்று. 1996-இல் 25 என முடிவாயிற்று. நோன்பை மேற்கொண்டவர்களுக்கு இந்த வளர்ச்சி புதிதாக இராது. 1998-இல் சிட்டிகார்ப், டிராவலர்சு என்னும் காப்பீட்டு, பத்திர நிறுவனத்தோடு இணைவதாக அறிவித்தது. இருந்த சட்டப்படி அந்த இணைப்பு நிலைத்திருக்க முடியாது. சில ஆண்டு அவகாசம் மட்டுமே உண்டு. அதற்குள் சட்டம் மாறும் என்ற துணிவில் இணைந்தனர். மாறியது. 1999 நவம்பர் 12 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். சிட்டிகார்ப் என்பது வேறு எதுவுமன்று, மிட்செல் தலைமை வகித்த அதே நேஷனல் சிட்டி வங்கியின் வழித்தோன்றல்.

2008-இல் அந்த சிட்டி குழுமத்தைத் தாங்கிப் பிடிக்க அமெரிக்க அரசு இரு தவணைகளில் 4,500 கோடி டாலர் கொடுத்தது. பணம் பின்னர் அரசுக்குத் திரும்பியது. அந்த இணைப்பை முன்னின்று நடத்திய சாண்ஃபோர்டு வைல் அவர்களே 2012 ஜூலையில், பெரிய வங்கிகளைப் பிரித்துவிடுவதே நல்லது என்று தொலைக்காட்சியில் கூறினார்.

இதை வைத்துக்கொண்டு, பழைய சட்டம் இருந்திருந்தால் 2008-இன் வீழ்ச்சியே வந்திராது என்று முழங்குவோர் பலர். நாம் அவர்களோடு சேரவில்லை. முதலில் வீழ்ந்த பேர் ஸ்டேர்ன்சும் லேமன் பிரதர்சும் வைப்பாளர் வங்கிகளோடு இணையாத தனித்த பத்திர நிறுவனங்கள். வாஷிங்டன் மியூச்சுவல் வைப்புத் தொகை பெற்று வீட்டுக் கடன் கொடுத்த சேமிப்பு வங்கி. அதைக் கெடுத்தவை தகுதி பாராமல் கொடுத்த கடன்கள். மதில் இருந்தாலும் இவை வீழ்ந்திருக்கும். வாய்மையின் பொருட்டுப் பேசுகையில் மிகைக் கூற்றுக்கு இடம் தரலாகாது. ஒரு சட்டம் எல்லாப் பிணிக்கும் மருந்து என்று சொல்லி விற்பதும் ஒருவகைப் பத்திர வாணிகமே. பிரித்து வைக்கும் சட்டத்துக்கு நாம் காணும் நியாயம் இதைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது: பணத்தை ஒப்படைப்பவருக்கு, தாம் எவரிடம், எதற்காக ஒப்படைக்கிறோம் என்பது வாசலிலேயே தெரிய வேண்டும்.

வீழ்ச்சிக்குப் பின் இரண்டு வழிகள் முயலப்பட்டன. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் சட்டம், வோல்க்கர் பெயரால் ஒரு விதியைக் கொண்டு வந்தது. வங்கி தன் ஆதாயத்துக்காகத் தானே ஊக வாணிகம் செய்யலாகாது; வாடிக்கையாளரின் பொருட்டு வாங்கி விற்கலாம். கேட்க எளிது. ஆனால் ஒரே பங்கை ஒரே நாளில் வாங்கிய வங்கி, எதற்காக வாங்கியது என்று எப்படி அறிவது? உள்ளத்தின் கருத்தை ஆராயும் வேலை சட்டத்தின் தலையில் விழுந்தது. விதிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களாகப் பெருகின. பிரிட்டனில் சர் ஜான் விக்கர்சு தலைமையிலான ஆணையம் 2011-இல் வேறு வழி கூறியது. ஒரே குழுமத்துக்குள் இருக்கலாம். ஆனால் மக்களின் வைப்பைப் பெறும் வங்கி தனி நிறுவனமாக, தனி இயக்குநர் அவையோடு, தனி மூலதனத்தோடு வேலிக்குள் இருக்க வேண்டும். 2013-இல் சட்டமாகி, 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2,500 கோடி பவுண்டுக்கு மேல் அத்தகைய வைப்புடைய வங்கிகளுக்கு என்றிருந்த எல்லை, 2025-இல் 3,500 கோடியாக உயர்த்தப்பட்டது.

இரண்டில் பிரிட்டன் கண்ட வழியே நமக்கு உவப்பானது. மனத்தை ஆராய்வதைவிட வேலியைப் பார்ப்பது எளிது. எனினும் வேலிக்கு இருபுறமும் ஒரே பெயர்ப் பலகை தொங்குகிறது என்பதில் நம் மனம் முழுமையாக அமைதி கொள்ளவில்லை. பெயரைக் கண்டு நம்பியவர்களின் கதையைப் படித்த பிறகு எப்படி அமைதி கொள்வது?

அமெரிக்க வங்கிகளில் இன்று முதலீட்டுத் திட்டங்களை விற்கும்போது மூன்று செய்திகளைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இதற்கான வழிகாட்டுதலைக் கண்காணிப்பு அமைப்புகள் 1994-இல் வெளியிட்டன. அப்போதே மதிலில் வாயில் திறந்திருந்தது. இதற்கு வைப்புக் காப்பீடு இல்லை. இதற்கு வங்கி பொறுப்பன்று. இதன் மதிப்பு குறையலாம். படிவங்களிலும் விளம்பரங்களிலும் இம்மூன்றும் அச்சிடப்படுகின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார்கள். ஆகவே வாய்மைக் குற்றம் இல்லை என்று கூறலாம். பெக்கோராவின் காலத்தோடு ஒப்பிட்டால் இது வளர்ச்சியே. ஆனால் அதே கட்டடத்தில், அதே பெயரின் கீழ், நேற்றுவரை தம் ஓய்வூதியத்தை எடுத்துக் கொடுத்த பணியாளர் கைகாட்டிய மேசையில் அமர்ந்து கையெழுத்திடும் ஒரு முதியவர், அந்த மூன்று வரிகளைக் கண்ணாடி அணிந்து படிக்கிறாரா, அல்லது வங்கியின் பெயரை மட்டும் படிக்கிறாரா?

அந்த முதியவரின் எதிரில் அமர்ந்திருக்கும் விற்பனையாளருக்கு, அவர் எதைப் படித்தார் என்பது தெரியும்.